தண்ணீர் மாறத் தெரிந்தவரின் மகனுக்கு

கரவெட்டி,
2025 யூன் 10.

அன்புள்ள மகனுக்கு,

சென்ற மார்கழியில் நீ வந்து திரும்பியபோது சாப்பாட்டு மேசையில் விட்டுச் சென்ற நீலக் கோப்பு இன்னும் என்னிடந்தான் இருக்கிறது. அதை நீ மறந்து போனாயா, அல்லது அம்மா பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாயா என்பதை இந்த ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரமும் அதைத் தூசி தட்டி அலுமாரியில் வைத்ததோடு சரி. பிறகு ஒரு மழை நாளில் திறந்து பார்த்தேன். 32 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவள் நான். நல்ல கையொன்று கீறிய கோட்டைக் கண்டால் எனக்குத் தெரியாமற் போகாது. அந்தக் கோப்பில் இருந்த பிரதிகளில் மரமும் மணலும் நீரும் புல்லும் வெறும் பென்சிலில் உயிரோடு நின்றன. கட்டடப் படம் போன்ற ஏதோ இருக்கும் என்று எண்ணித் திறந்தவளுக்கு அது பெரிய அதிர்ச்சி. அன்றிலிருந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் படங்களைக் கீறிய மைக் ஸ்ட்ராண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கோல்ஃப் மைதான வடிவமைப்பாளரைப் பற்றி நீ சேர்த்து வைத்திருந்த ஒவ்வொரு தாளையும் வாசித்து முடித்தேன். அவர் இறந்து இன்றோடு 20 ஆண்டுகள் ஆகின்றன. அதனால்தான் இந்தக் கடிதத்தை இன்று எழுதுகிறேன்.

அவரைப் பற்றி எழுதுமுன் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ கனடாவுக்குப் போன முதல் ஆண்டுகளில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் விடியற்காலை நாலரை மணிக்குப் புல் வெட்டப் போகிறாய் என்று எழுதியபோது, அதை நான் இங்கே யாருக்கும் சொல்லவில்லை. பின்னர் நீ படித்து, மைதானங்களை வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த பிறகும், கேட்டவர்களுக்கெல்லாம் 'சிவில் எஞ்சினியர்' என்றே சொல்லி வந்தேன். கோல்ஃப் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது நுவரெலியாவில் பேருந்து யன்னலால் பார்த்த பச்சை மேடும், அதில் பை தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த ஒரு கிழவருந்தான். வெள்ளைக்காரர் 1889இல் தொடங்கிய கழகம் என்று வழிகாட்டி சொன்னார். ஊருக்கு நடுவில் இவ்வளவு நிலத்தை ஒரு பந்துக்காக விட்டு வைத்திருக்கிறார்களே என்று அன்று எனக்குக் கோபந்தான் வந்தது. அந்தக் கோபத்தையே உன் தொழிலின்மேலும் வைத்திருந்தேன் என்று இப்போது விளங்குகிறது.

ஸ்ட்ராண்ட்ஸும் உன்னைப் போலவே புல்லில் இருந்து தொடங்கியவர் என்பதை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது. 1955இல் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்து, முதலில் சித்திரக் கலை படித்து, பிறகு அதை விட்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் புற்றரை பராமரிப்பைப் படித்து, தன் ஊரின் இன்வெர்னஸ் கழகத்தில் தரைவேலை செய்தவர். 1979இல் அங்கே அமெரிக்கப் பகிரங்கப் போட்டி நடந்த வேளையில், அந்த மைதானத்தைத் திருத்த வந்திருந்த டொம் ஃபாசியோ என்ற பெரிய வடிவமைப்பாளரின் கண்ணில் பட்டு, அவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்து மண்ணை உருவாக்கக் கற்றார். பிறகு விலகித் தென் கரோலினாவில் குடும்பத்தோடு தங்கினார். தன் பெயரில் முதல் மைதானத்தை 1994இல் திறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பின் அவருக்கு மிஞ்சியிருந்தவை பதினொரு ஆண்டுகள் மட்டுமே. வெறும் நிலத்திலிருந்து புதிதாக அவர் ஆக்கியவை ஏழு. புகழ் பெற்ற மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் கணக்குச் சொல்லும் தொழிலில் ஏழு என்பது எவ்வளவு சிறிய எண் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பில் நீ அதிகமாக அடிக்கோடிட்டிருந்தது வட கரோலினாவின் சான்ஃபோர்ட்டில் 1998இல் அவர் திறந்த மைதானத்தைப் பற்றிய தாள்களில். டுபாக்கோ ரோட், புகையிலை வீதி. அந்தப் பெயரைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. புகையிலைத் தோட்டத்துப் பிள்ளை கடல் கடந்து போய், கடைசியில் ஒரு புகையிலை வீதியிலேயே போய் நின்றிருக்கிறான். ஒரு காலத்தில் நம்முடைய புகையிலை கேரளத்துக்குக் கப்பலேறியதுபோல வட கரோலினாவுக்கும் புகையிலையே பணப்பயிராக இருந்திருக்கிறது. அந்த மைதானம் அமைந்த இடமோ மணல் அகழ்ந்து கைவிட்ட குழி. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டிய பள்ளங்களை நீ பார்த்திருக்கிறாய். வெட்டியவன் போன பிறகு அந்தக் குழிகளை என்ன செய்வது என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. வடமராட்சி கிழக்கில் மணலை லொறி லொறியாக ஏற்றும்போதும் கேட்பதில்லை. ஸ்ட்ராண்ட்ஸ் அகழ்ந்தவர்கள் விட்டுப்போன மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் இடுக்குகளால் புல்லை ஓட விட்டிருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து நீ மணற்காட்டுக்குப் போய், பாதி மணலுள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைச் சுற்றி உருண்டு விளையாடிவிட்டு, காதுக்குள்ளும் மணலோடு வந்து நின்றது நினைவுக்கு வந்தது.

முதலாவது குழிக்குப் பந்தை அடிக்க நிற்பவன் முன்னால் இரண்டு பெரிய மணல் மேடுகள் நெருங்கி நிற்பதையும், இடையில் ஓர் ஒடுக்கமான வாசல் போலத் தெரிவதையும், அதைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் புல்வெளி தாராளமாக விரிந்திருப்பதையும் அந்தத் தாளில் வாசித்தேன். கண்ணைப் பயமுறுத்திவிட்டுக் காலுக்கு இடம் கொடுப்பது அவருடைய வழக்கம் என்று அதன் ஓரத்தில் உன் கையெழுத்தில் இருந்தது. இது கோல்ஃப் பற்றிய சங்கதி அல்ல, மகனே. இது சித்திரத்தில் நாங்கள் ஏழாம் வகுப்பில் படிப்பிக்கும் தூரத்தோற்றம். முன்னால் நிற்பது பெரிதாகி, பின்னால் இருப்பதை மறைக்கும். கடதாசியில் நான் படிப்பித்ததை அந்த மனிதர் புல்டோசரால் செய்திருக்கிறார். நீளத்தில் அந்த மைதானம் 6,500 கெஜத்துக்குச் சற்றே கூட என்றும், போட்டி மைதானங்கள் 7,000 கெஜத்தைத் தாண்டும் காலத்தில் அது சிறியது என்றும், ஆனாலும் வந்து விளையாடிய பலர் 'இது விளையாட்டா, நாடகமா' என்று கோபித்துக்கொண்டார்கள் என்றும் அறிந்தேன். எனக்கும் அதில் ஒரு குறை தோன்றியது என்று சொன்னால் கோபிக்காதே. புகையிலை வீதியின் சில படங்களில் மிகை இருக்கிறது. ஒரே தாளில் எல்லா வித்தையையும் காட்டிவிடத் துடிக்கும் கெட்டிக்கார மாணவனின் கை அது. நான் புள்ளி இட்டிருந்தால் அதற்கு எண்பதுக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன்.

என்னுடைய நூறு புள்ளியும் அவருடைய முதல் மைதானமான கலிடோனியாவுக்கே. பழைய நெல் தோட்டம் ஒன்றில், முதிய ஓக் மரங்கள் இருபுறமும் கவிந்த நீண்ட பாதையால் உள்ளே போக வேண்டும். மைதானத்தை அந்த மரங்களிடையே நெய்திருக்கிறார். கடைசிக் குழியில் பந்து நீரைக் கடந்து, ஆட்கள் அமர்ந்து பார்க்கும் விறாந்தையின் காலடிக்கு வந்து சேருகிறது. அந்த வயல்களில் நெல் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் என்பதும் அங்கே பாய்ச்சல் வாய்க்கால்களை வெட்டியது அவர்களுடைய கைகள் என்பதும் அழகைப் பார்க்கும்போது மறக்கக்கூடியவை அல்ல. வாய்க்கால் வெட்டியவனின் பெயர் எந்த நிலத்திலும் நிற்பதில்லை, நம்முடைய ஊரிலுந்தான்.

அவர் வேலை செய்த விதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வேலைகளுக்கு மேல் ஏற்கமாட்டார். நீண்ட முடியும் மீசையுமாகக் குதிரையில் ஏறி அந்த நிலம் முழுவதையும் சுற்றி வருவார். நின்ற இடத்தில் பென்சிலால் கீறுவார். பிறகு வண்ணத் தெளிப்பானை எடுத்து மண்ணின்மேலேயே கோடு போட்டு, இயந்திரம் ஓட்டுபவருக்கு 'இதுவரை' என்று காட்டுவார். பந்து ஆடுவதையே தொழிலாகக் கொண்டு 1974 அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற ஃபொரெஸ்ட் ஃபெஸ்லர், பிற்காலத்தில் அவருக்குத் துணையாக அந்த மண்ணிலேயே நின்றார். சார்ள்ஸ்டனுக்கு அப்பால் புல்ஸ் பேயில், மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத தட்டை நிலத்தில் மண்ணை வாரிக் குவித்து ஒரு குன்றையே எழுப்பி, அதன் உச்சியில் கழக மண்டபத்தை வைத்து, குழிகள் அதைச் சுற்றி வந்து சேரும்படி செய்தாராம். நீ உன் அலுவலகத்தில் கணினித் திரையில் உயரக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தபோது இதை வாசித்திருப்பாய். 'நேரே நின்று பார்க்காமல் எப்படி?' என்று ஓரிடத்தில் எழுதி இரண்டு கோடும் போட்டிருக்கிறாய்.

கோப்பின் கடைசித் தாளுக்கு வந்தபோதுதான் எனக்குக் கை நின்றது. ஐம்பது வயது. நாக்கில் புற்றுநோய். அவரை நீ ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டாய் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை. உனக்குப் பத்து வயதாக இருந்த 1998இல், 49 வயதில், உன் அப்பா அதே நோயிற் போனார். அவர் குதிரை ஏறியதில்லை, சித்திரம் படித்ததில்லை. ஆனால் இரண்டு பரப்புப் புகையிலைத் தறையில் கிணற்றடியிலிருந்து கடைசிப் பாத்தி வரை தண்ணீர் எங்கே தயங்கும், எங்கே விரையும் என்பதை மட்டப் பலகை எதுவுமில்லாமல் வெறுங்காலால் அறிந்தவர். நீ அவருக்குப் பின்னால் சின்ன மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறுவாய். ஒரு பாத்தி நிறைந்ததும் வரம்பை வெட்டி அடுத்ததற்கு விடுவாய். பிந்தினால் ஏச்சு விழும். வெற்றிலைக்குள் சொந்தப் புகையிலையை வைத்து நாள் முழுவதும் மென்ற மனிதருக்கு நாக்கின் ஓரத்தில் புண் வந்தபோது, அதைப் பல மாதம் எனக்கும் மறைத்தார். பிறகு ஓரிடத்தில் வைட்டமின் குறைவு என்று குளிசை தந்தார்கள். அதை நம்பி இன்னும் சில மாதம் போயிற்று. போரால் பாதை பூட்டிய காலம். அனுமதி எடுத்து, கப்பலுக்குப் பெயர் பதிந்து காத்திருந்து, திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. இன்று தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதைக் கட்டுவதற்காக 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து வந்தபோது நானும் வீதி ஓரத்தில் நின்றேன். யாரையும் குறை சொல்ல நினைக்கவில்லை, அழுதேன், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு மாதமும் அப்பாவுக்குப் பேச்சு இல்லை. என் பள்ளிக்கூடச் சிலேட்டில் அவர் எழுதிக் காட்டியவற்றில் பாதி தண்ணீரைப் பற்றியதுதான். ஒரு நாள் தறை முழுவதையும் அதில் கீறி, கிணற்றையும் வாய்க்காலையும் வைத்து, வடகிழக்கு மூலையில் ஒரு சுழி போட்டு உன்னிடம் நீட்டினார். அந்த மூலையில் தண்ணீர் தேங்கும், கவனம் என்பது பொருள். நீ அதை வாங்கிக்கொண்டு தறைக்கு ஓடியதை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். உன் தொழில் கனடாவில் தொடங்கியது என்று இத்தனை காலமும் நான் நினைத்தது பிழை.

ஸ்ட்ராண்ட்ஸின் கடைசி வேலை கலிபோர்னியாவில், மொண்டரே தீபகற்பத்துக் கழகத்தின் கடற்கரை மைதானம். பழையதை அவர் கடலை நோக்கித் திருப்பி அமைத்து 2004இல் திறந்தார்; அந்த வேலையின் காலத்தில் நோயும் அவரோடு இருந்தது. அடுத்த ஆண்டு போய்விட்டார். 2010 முதல் பல ஆண்டுகள் பெப்பிள் பீச் போட்டியில் உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே ஆடியதை அவர் காணவில்லை. அப்பாவும் அந்தப் போகத்துப் புகையிலை வெட்டுவதைக் காணவில்லை. நல்ல விளைச்சல், நல்ல விலை.

கோப்பை உன் சித்தியின் மகள் ஆவணியில் ரொறன்ரோ போகும்போது கொடுத்தனுப்புகிறேன். கடைசித் தாளுக்குப் பின்னால் சிலேட்டையும் துணியிற் சுற்றி வைத்திருக்கிறேன். கீறியது அழிந்து வெகுகாலம். ஆனாலும் உன்னிடம் இருக்கட்டும். நீயும் உன் வாயை ஆண்டுக்கு ஒரு தடவையாவது பல் வைத்தியரிடம் காட்டு. இதை நான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன்.

தறையை இப்போது வெங்காயத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கடந்த மாரியில் அதே வடகிழக்கு மூலையில் தண்ணீர் நின்று இரண்டு வரிசை அழுகிப்போயிற்று என்று குத்தகைக்காரர் வந்து முறையிட்டார். யாராவது எஞ்சினியரைப் பிடித்துக் காட்டலாமா என்று கேட்டார். என்னுடைய மகன் கோல்ஃப் மைதானம் கீறுகிறவன், மார்கழியில் வருவான், அவன் நின்று பார்த்துச் சொல்லட்டும், அதுவரை கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா