சபக் (பாடம்) கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பில்) பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் மக்தப் மதரஸாவுக்குத் தொடுதிரைப் பலகை வாங்க வசூல் நடக்கிறது. பிள்ளைகள் வீட்டில் ஒரு செயலியில் ஓதி நட்சத்திரம் சேர்க்க வேண்டுமாம்.

செல்போனே ஆகாது என்று சொல்பவன் அல்ல நான். எகிப்தின் காரி (குர்ஆன் ஓதுவதில் தேர்ந்தவர்) மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ 1961-இல் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்தார்; அந்தக் குரலைக் கேட்டுத் தம் ஓதலைத் திருத்திக்கொண்டவர்கள் ஏராளம். 2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் பாடம் அறுபடாமல் காத்ததும் செல்போன்தான்.

ஆனால் பிள்ளை ஓதுவதை யார் கேட்பது? செயலி கேட்கிறதே என்கிறார்கள். தப்பென்றால் சிவப்புக் காட்டுகிறது, அவ்வளவுதான். தமிழ் பேசிப் பழகிய நாக்குக்கு அரபியின் இரண்டு 'ஹா'வும் ஒன்றாகவே வரும். 'ளாத்' என்ற அரபி எழுத்து சரியாக வர, நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும். உஸ்தாத் (ஆசிரியர்) தம் வாயைத் திறந்து காட்டுவார், பிள்ளையின் வாயையும் பார்ப்பார். குரல் கம்மியிருந்தால் "ஏதாவது சாப்பிட்டாயா?" என்றும் விசாரிப்பார்.

நபிகள் நாயகம் (ஸல்) ஒருமுறை தம் தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதிக் காட்டச் சொன்னார்கள். "உங்களுக்கு அருளப்பட்டதை உங்களுக்கே ஓதுவதா?" என்று அவர் தயங்க, பிறர் ஓதக் கேட்பது தமக்கு விருப்பம் என்றார்கள். குர்ஆனின் நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனம் வந்ததும் நபிகளாரின் கண்கள் கலங்கின. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவான செய்தி இது. ஓதுவதைக் கேட்கும் அப்படிப்பட்ட வேலையை இயந்திரத்திடம் தள்ளிவிட ஏன் இத்தனை அவசரம்?

காரணம் எல்லோருக்கும் தெரியும். மாலை மஃரிப் தொழுகைக்கும் இரவு இஷா தொழுகைக்கும் நடுவே கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். 60 பிள்ளைகளுக்கு ஒரே உஸ்தாத் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாம் தரும் சம்பளத்தை இங்கே எழுதினால் மஹல்லாவுக்குத்தான் வெட்கம்.

இன்னொன்று, வாட்ஸ்அப் குழு. பிள்ளைகள் ஓதும் வீடியோவைத் தினமும் அதில் போடச் சொல்கிறார்கள். திக்கித் திக்கி ஓதும் பிள்ளையை ஊரே பார்க்க வேண்டுமா? 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் கிடக்கட்டும். பிறர் குறையை மறைத்துக் காக்க வேண்டும் என்று பாடம் நடத்தும் இடத்திலா இது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். திரைக்கான தொகையை இன்னொரு உஸ்தாதின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஓர் ஆலிமாவை (மார்க்கம் கற்ற பெண்ணை) அமர்த்தினால் இன்னும் நல்லது. வீட்டில் பழைய பாடத்தைக் கேட்டுப் பழக உம்மாவின் செல்போனே போதும். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் மதரஸா திறப்பதற்குள் இதை முடிவு செய்துவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோரிப்பாளையம், மதுரை