"உனக்குத் தெரியாமலா?" என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் 'விடோஸ்' (2018) படத்துக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். கூடவே வாழ்ந்த மனைவிக்குப் புருஷனைப் பற்றி இவ்வளவா தெரியாமல் இருக்கும், லாஜிக் இடிக்கிறது என்று ஒரு வரி போட்டிருக்கிறார் உங்கள் விமர்சகர். அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் தவறி, கருமாதி முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை, புரோநோட்டோடு ஒருவர் வந்து நின்றார். அப்புறம் இன்னொருவர். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆர்சி புத்தகத்தோடு ரப்பர் பேண்டு போட்டு அடகுச் சீட்டுகள், அதில் ஒன்று என் அம்மா போட்ட நெக்லஸுக்கு, பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாரே அந்த நெக்லஸுக்கு. சட்டைப் பையைத் துழாவாமல் நான் துவைக்கப் போட்டதே இல்லை. சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது மட்டும் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் விமர்சகர் கேட்டதைத்தான் கேட்டார்கள்: "உனக்குத் தெரியாமலா?"

படத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவன் ஹாரியின் மனைவி வெரோனிகாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று யார் சொன்னது? கொஞ்சம் தெரியும், மேலே கேட்காமல் இருந்தாள், மீதியை ஹாரி மறைத்தான். சிகாகோவில் தேர்தலுக்கு நிற்கிற ஒருவன் வீட்டுக்குள் வந்து அவள் நாய்க்குட்டியைப் பிடரியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, உன் புருஷன் என்னிடம் அடித்த 20 லட்சம் டாலரை ஒரு மாதத்தில் வை என்கிறான். பணமோ ஹாரியின் கூட்டம் போன வேனோடு எரிந்துபோயிற்று. ஹாரியின் கூட்டாளி ஒருவனின் மனைவி லிண்டா, அவளுடைய உடுப்புக் கடை புருஷனின் கடனுக்குப் போகிறது. செத்தவனைக் கேட்க முடியாது, இருப்பவளைத்தான் கேட்பார்கள், இதில் எங்கே லாஜிக் இடிக்கிறது? எழுத்தாளர் லிண்டா லா பிளான்ட் இதை 1983-லேயே லண்டனில் நடக்கிற டிவி தொடராக எழுதினார். இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் அதைச் சிறுவனாகப் பார்த்து, மறக்காமல் படமாக்கியிருக்கிறார்.

சொல்ல ஆரம்பித்ததால் சொல்லிவிடுகிறேன். ஹீரோ நூறு பேரை அடிக்கிற படத்துக்கு இரண்டு பக்கம் தருகிறீர்கள், அங்கே யாரும் லாஜிக் கேட்பதில்லை. பெண்கள் துப்பாக்கி எடுத்தால் அரைப் பக்கம், அதில் பாதி சந்தேகம். உங்கள் தொடர்கதைகளில் புருஷன் போனவள் ஒன்று சாமி படத்தின் முன்னால் அழுகிறாள், இல்லாவிட்டால் மருமகளைக் கொடுமைப்படுத்துகிறாள். வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் வாரிசுச் சான்றிதழுக்காக அலைகிற ஒருத்தியை நான் இத்தனை வருஷத்தில் உங்கள் பக்கங்களில் பார்த்ததில்லை. நாய் போய்ப் பிறாண்டுகிற அந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்பதையும் விமர்சகர் எழுதிவிட்டார். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, இனி பார்க்கிறவர்களுக்கு அது கிடைக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். "நான்கு விதவைகள் சேர்ந்து கொள்ளையடிக்கிறார்கள்" என்று போட்டிருப்பது தவறு. கொள்ளையில் சேர்ந்த நால்வரில் வெரோனிகா, லிண்டா, ஆலிஸ் மூவர்தான் கொள்ளையில் புருஷனை இழந்தவர்கள். நான்காவதாக வண்டி ஓட்டுகிற பெல், லிண்டாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள். நான்காவது கொள்ளையனின் மனைவி இவர்களோடு சேரவே இல்லை. படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இது உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தைப் போடுங்கள். போன முறை மாதிரி என் கடிதத்தை நாலு வரியாக வெட்டித்தான் போடுவீர்கள் என்றால், கடிதம் வேண்டாம், திருத்தம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
கும்பகோணம்