அன்றிரவு தரை தட்டிய கால்களுக்கு

அன்புள்ள அயலவர்களுக்கு,

பிரெஞ்சில் எழுதிய நன்றி மடலை எங்கள் அருங்காட்சியக வாசலில் ஒட்டியாகிவிட்டது. ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பழைய படங்களை அங்கே திரையிட்ட அந்தச் சனிக்கிழமை நாற்காலி தூக்கியவர்களில் பாதிப்பேர் மொன்றியலில் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்கும் அவர்களின் அம்மா அப்பாக்களுக்கும் தமிழில் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

மதியம் தொடங்கிய பனி மாலையிலும் விடவில்லை. இனி யார் வரப்போகிறார்கள் என்று நான் சோர்ந்திருந்த நேரத்தில், நீங்கள் படியிலிருந்து தெருமுனை வரை பனியை அள்ளிப் பாதை போட்டுவிட்டீர்கள். உள்ளே முதல் படமும் பனிதான். 1958இல் மிஷேல் பிரோவும் ஜில் குரூவும் எடுத்த 'லே ராக்கெத்தர்'. ஷெர்புரூக் நகரில் பனிச்சப்பாத்து மாட்டி ஓடும் சங்கத்தாரின் கூடலைக் காட்டும் கால் மணி நேரப் படம். கேமராவைத் தூரத்தில் வைக்காமல் கூட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய்விடுவார்கள். அதனால்தான் அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அடுத்தது, பிடில் மேதை ஜான் கரிஞானைப் பற்றி பெர்னார் கோஸ்லன் 1975இல் எடுத்த படம். மொன்றியலில் பல ஆண்டுகள் டாக்சி ஓட்டிக்கொண்டே வாசித்தவர் கரிஞான். படத்தின் நடுவில் ஒலி நின்றுபோனது. கருவியோடு மல்லுக்கட்டிய இரண்டு இளைஞர்களுக்கும் நன்றி. அப்புறம், மூன்றாம் வரிசையில் இருந்த பெரியவருக்கு. யாரும் கேட்காமலே பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்தார். உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் தரையைத் தட்டிக்கொண்டே வாசிப்பது கியூபெக் வழக்கம். பொடோரித்மி என்பார்கள். பிடிலுக்கு மேளம் அந்தக் கால்கள்தான். தச்சர் ஐயா முதல்நாளே ஒரு பலகையை அங்கே அடித்து வைத்தபோது எதற்கு என்று கேட்டேன். அன்றிரவு அது அதிர்ந்தபோது புரிந்தது. உடனே ஒரு பாட்டி கைப்பையிலிருந்து இரண்டு மரக்கரண்டிகளை எடுத்துத் தொடையில் தட்டத் தொடங்கினார்!

ஒலி திரும்பி வந்தும் படத்தைத் தொடர யாருக்கும் மனமில்லை. ஒருவர் ஒரு வரி பாட, சபை அதைத் திருப்பிப் பாடும் பாட்டுகள் தொடங்கிவிட்டன. பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் காதில் சொல்லிக்கொடுக்க, அம்மாமார் சபையோடு சேர்ந்து பாடினார்கள். நான் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

நாட்டார் பாட்டு ஆய்வாளர் மாரியுஸ் பார்போ பற்றிய தட்டிகளை எழுதித் தந்த ஆவணக் காப்பாளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1916 கோடையில் பார்போ கியூபெக்கின் சார்லவா பக்கம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார், பாடுபவர்களின் குரலை மெழுகு உருளைகளில் பதித்தார். இடைவேளையில் அந்தத் தட்டிகளின் முன்னால்தான் கூட்டம் நின்றது.

பட்டாணி சூப், இறைச்சிப் பை, சீனியும் க்ரீமும் காய்ச்சிய இனிப்பு எல்லாம் வீட்டு அடுப்பில் செய்து கொண்டுவந்தீர்கள். ஒரு துண்டு மிஞ்சவில்லை.

சூப் பானைகளைக் கழுவி வைத்திருக்கிறோம். பாட்டியின் மரக்கரண்டிகளும் அலுவலக மேசையில் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பலகையை மட்டும் தச்சர் ஐயா கழற்ற வேண்டாம் என்றுவிட்டார்.

மிக்க நன்றியுடன்,
அருங்காட்சியகத் தொண்டர் ஒருவர்