நடைபாதை வியாபாரிகள் குறித்து ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கு,

வணக்கம்.

ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி ஒரு தெருவுக்குள் நுழையும்போது, அங்கே கடை போட்டிருப்பவர்களிடம் 'கோர்ட் ஆர்டர்' என்று மட்டும் சொல்லப்படுகிறது. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, என்ன உத்தரவு என்று கேட்டு முடிப்பதற்குள் தராசும் தார்ப்பாயும் லாரியில் ஏறிவிடுகின்றன. நடைபாதையைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு இவ்வளவு விரைவாகத் தெருவுக்கு வந்துவிடுகிறது. வியாபாரிகளுக்கு நீதிமன்றமும் நாடாளுமன்றமும் அளித்த பாதுகாப்போ கோப்பிலேயே தங்கிவிடுகிறது. என் முறையீடு இதுதான்.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறியது; அதே தீர்ப்பிலேயே, மழைக்காலம் முடிந்தபின் அவர்களை அப்புறப்படுத்தவும் அனுமதித்தது. தெருவில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையே என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் சொல்லப்பட்டது. இதற்கென ஒரு சட்டம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் அரசை அறிவுறுத்தியபின், ஒருவழியாக 2014 மே 1 அன்று சாலையோர வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும், இடமாற்றுவதற்கோ அகற்றுவதற்கோ 30 நாள் முன்னறிவிப்பு தேவை. பொருளைப் பறிமுதல் செய்தால் கையொப்பமிட்ட பட்டியல் தர வேண்டும். வியாபாரி உரிமை கோரியதும் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் கட்டணம் பெற்றுக்கொண்டு விடுவிக்க வேண்டும்.

அந்தப் பட்டியல் வெறும் காகிதமல்ல என்பதைக் கீரை விற்கும் ஒரு பெண்ணின் நிலையிலிருந்து பாருங்கள். விடியலில் தண்டல் (அன்றாடம் வசூலிக்கப்படும் கடன்) பணத்தில் வாங்கிய கட்டுகள் காலை ஒன்பது மணிக்கு லாரியில் போனால், பகலுக்குள் வாடிவிடும். மாலையில் தண்டல்காரர் வழக்கம்போல் வந்து நிற்பார். என்ன எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதவர் எந்த அலுவலகத்தில் போய் எதைக் கேட்பார்?

நடைபாதை நடப்பவர்களுக்கானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சக்கர நாற்காலியில் வருபவரைச் சாலைக்குத் தள்ளும் கடை எதுவாயினும் நகர்த்தப்பட வேண்டியதே. விற்பனைக்கு அனுமதியில்லாத பகுதிகளை வரையறுக்கவும் சட்டம் இடம் தருகிறது. (நடைபாதையில் நிறுத்தப்படும் கார்கள் மீதும் இதே வேகம் காட்டப்பட்டால் இந்த மடலின் தொனி சற்று மாறியிருக்கும்.) ஆனால் எந்தப் பகுதி எதற்கு என்பது இதே சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையோடு திட்டமிடப்பட வேண்டும், லாரி புறப்படும் காலையில் முடிவாகக் கூடாது. அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அதன் தலைவர் ஆணையராகிய நீங்களேதான். அகற்றும் அதிகாரமும் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் ஒருவரிடமே இருக்கும்போது, கீழ்நிலை அலுவலர்களுக்கு விதி தெரியவில்லை என்ற விளக்கத்தை எப்படி ஏற்பது?

ஆகவே, அகற்றும் பணிக்குச் செல்லும் ஒவ்வொரு குழுவும் நீதிமன்ற உத்தரவின் நகலையும் அதன் தமிழ்ச் சுருக்கத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அச்சிட்ட பறிமுதல் படிவம் இல்லாமல் லாரி புறப்படக் கூடாது. பொருளை எங்கே, எத்தனை மணிக்குள், எவ்வளவு கட்டணம் செலுத்தி மீட்கலாம் என்பது அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் புதிய சட்டமோ கூடுதல் நிதி ஒதுக்கீடோ தேவையில்லை, உங்கள் சுற்றறிக்கை ஒன்றே போதும். அதை வெளியிட்டு, வார்டு அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நடைபாதையில் நடப்பவரும் அங்கேயே காய்கறி வாங்குபவருமான ஒரு குடிமகன்