மேடில்லாத ஊரிலிருந்து

மாங்குளம்
ஆவணி 20

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனோடு வந்த படங்களும் கிடைத்தன. சுவிஸின் எம்மென்டால் மேடுகளை வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். தரையைத் தொடுகிற அளவுக்குக் கூரை இறங்கிய பண்ணை வீடுகள், கூரை போட்ட மரப்பாலம், புல்வெளியில் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைத் தார்வீதி. என் மனைவி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு நல்ல வீதியைப் போட்டுவிட்டு ஒருவரும் போகாமல் இருக்கிறார்களே" என்று கவலைப்பட்டாள்.

மாசியில் மகனோடு வருகிறாய் என்பது பெரிய சந்தோசம். அவன் தன் சைக்கிளையும் பெட்டியில் கட்டிக் கொண்டுவருகிறான், வாகனத் தொல்லை இல்லாமல் ஓட வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். வழி இருக்கிறது. எங்கள் வன்னியில் மேடுதான் இல்லை. வவுனியாவே கடல் மட்டத்திலிருந்து நூறு மீற்றர் அளவில்தான் இருக்கிறது. பாலியாறும் பறங்கியாறும் மேற்கே, கனகராயன் ஆறு வடக்கே, பேராறு கிழக்கே என்று நிலம் சத்தமில்லாமல் சரிந்து போகிறது. சைக்கிளில் போகிறவனுக்கு அந்தச் சரிவு தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும்.

நீ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 99ஆம் இலக்கச் சைக்கிள் வழி. லொசானிலிருந்து றோர்ஷாக் வரை 700 கிலோமீற்றருக்கு மேல், பெரிய வீதிகளை விட்டு விலகி, பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே ஓடும் சின்ன வீதிகளைக் கோத்தே ஒரு நாட்டைக் குறுக்கே கடக்க வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார், அந்த வீதிகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கென்று போட்டவை அல்ல. பால் கொண்டுபோகவும் புல் ஏற்றவும் உழவு இயந்திரம் போகவும் போட்டவை. பிறகு யாரோ புத்திசாலி சந்திக்குச் சந்தி ஒரு சிவப்புப் பலகையை நட்டிருக்கிறார். சிவப்புப் பலகை என்றதும் எங்களுக்கு மண்டையோடும் மிதிவெடி எச்சரிக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. உங்கள் ஊரில் அது வழி காட்டுகிறது என்று வாசித்தபோது சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

இங்கே அமைதியான வழிகளைத் தண்ணீருக்காகப் போட்டார்கள். குளக்கட்டு, வாய்க்கால் கரை இரண்டும்தான் நான் உன் மகனுக்குச் சொல்லும் பாதை. வாய்க்கால் வெட்டுகிறவர்கள் தண்ணீர் மெல்ல இறங்கும்படி வெட்ட வேண்டும். வேகமாக இறங்கினால் கரையை அரித்துவிடும், ஏறச் சொன்னால் ஏறாது. அதனால் கரையோடு போகும் பாதையும் ஒரே சீராக இருக்கும். இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களோடு போனால் ஒரு பக்கம் மருதமரம், மறுபக்கம் வயல். எதிரே ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தால்தான் இறங்கி ஒதுங்க வேண்டும்.

முதல் நாள் வவுனிக்குளத்துக்குப் போகலாம். இங்கிருந்து மல்லாவி வரை வெள்ளாங்குளம் வீதி. அதில் வாகனம் வரும், ஆனால் பொறுக்கக்கூடிய அளவு. பிறகு குளக்கட்டில் ஏற வேண்டும். மாசியில் குளம் நிறைந்திருக்கும். தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கும். கொப்புக்குக் கொப்பு நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருக்கும். சைக்கிள் கிட்டே போகும்வரை அசையாது. மோட்டார் சைக்கிள் என்றால் தூரத்திலேயே பறந்துவிடும். கட்டின் உள்பக்கம் கல் அடுக்கியிருப்பதால் அலை மோதும் சத்தம் கூடவே வரும். தண்ணீர் திறந்துவிடும் துருசு இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் சுழித்து வெளியேறி வாய்க்காலில் விழுவது தெரியும், அங்கே எப்போதும் இரண்டு சிறுவர்கள் தூண்டிலோடு இருப்பார்கள். நான் அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் செலவழிக்காமல் திரும்பி வந்ததில்லை.

அடுத்த நாள் கிழக்கே. ஒட்டுசுட்டான் வீதியில் விடியவே வெளிக்கிட்டால் காட்டின் நடுவே நிழலில் போகலாம். தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் திரும்பலாம். கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டார வன்னியன் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல்லையும் மகனுக்குக் காட்ட வேண்டும். 1803 ஒக்டோபர் 31 என்று திகதி போட்டு, வென்ற ஆங்கிலேயர் நட்ட கல். தோற்றவனின் பெயரை ஊர் வைத்துக்கொண்டது. வென்ற தளபதியின் பெயரை அந்தக் கல்லில் வாசித்தால்தான் உண்டு.

சில விடயங்களை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிற்பகல் ஐந்து மணிக்குப் பிறகு காட்டோரப் பாதை வேண்டாம். யானை இறங்கும் நேரம். ஒதுங்குவதற்கென்றுகூடப் பாதையை விட்டுக் காட்டுக்குள் போகக் கூடாது, வெடி அகற்றிய இடம் என்று சொன்னாலும் சரி. மாசி காலபோகம் என்கிற பெரும்போக நெல்லின் அறுவடைக் காலம் என்பதால் பாதி வீதியில் நெல் காயும். அதைப் பார்த்து நீ எரிச்சல்படாதே. வாகனக்காரர்களை மெல்லப் போக வைப்பதில் அந்த நெல்லுக்கு நிகராக ஒரு பொலிஸ்காரரும் இல்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது சோளகம், தென்மேல் காற்று, அடிக்கிறது. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் நோக்கி மிதித்தால் உங்கள் மேடு எல்லாம் என்ன என்று கேட்கத் தோன்றும். மேட்டுக்கு ஓர் உச்சியாவது இருக்கும், அதற்குப் பிறகு இறக்கம் வரும். சோளகத்துக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. நல்ல வேளை, நீங்கள் வரும் மாதத்தில் அது இருக்காது.

கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதியான ஏ9 பக்கம் அவனை விடவே மாட்டேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமென்றால் பஸ்ஸில் போகலாம். வாகனமே இல்லாத ஏ9இல் நாமிருவரும் ஓடியிருக்கிறோம், நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லை, பாதையும் மூடியிருந்தது. மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் எப்போதாவது கடந்து போகும், மற்றப்படி அரிசி மூட்டை, விறகு, நோயாளி, பிணம் எல்லாம் சைக்கிள் கரியரில்தான். அந்த அமைதியை யாரும் உல்லாசத்துக்குக் கேட்கவில்லை. 2022இல் எரிபொருளுக்கு வரிசை நின்றபோது ஊர் மறுபடியும் சைக்கிளுக்கு வந்தது, இளம் பிள்ளைகள் புலம்பினார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வீட்டுக் கோடியில் கிடந்த சைக்கிளை எடுத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் பேசாமல் ஏறினோம்.

எனக்குள்ள பயம் வேறு. குக்கிராமம்வரை வழுவழுப்பான காபெட் தார்வீதி வருகிறது. நோயாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது தேவை, மறுக்க மாட்டேன். ஆனால் கிரவல் மண் பாதையாக இருந்தவரை மணல் ஏற்றும் டிப்பர்கள் ஊர்ந்து வந்தன. காபெட் போட்டதும் அதே டிப்பர்கள் பறக்கின்றன. குளக்கட்டுகளையாவது கிரவலாகவே விட்டுவிடுங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். வயதுபோனவர் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால், எங்கள் சந்தியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் ஐயாவோடு இருத்திவிடுகிறேன். 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களில் ஒருவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக றாகலைக்கு முந்தி ஒரு சின்ன ரயில் ஓடியது, 1940களில் நிறுத்திவிட்டார்கள், அது போன வழி இன்னும் மலையைச் சுற்றிக் கிடக்கிறது என்பார். ரயிலும் தண்ணீரைப் போலத்தான், செங்குத்தாக ஏறாது. ரயில் விட்டுப்போன வழி சைக்கிளுக்கு வாய்ப்பானது. தோட்டத்துக்குள் தேயிலை ஏற்றிய பழைய பாதைகளும் அப்படியே. அந்தப் பாதைகள் பலவற்றைச் சேர்த்து 2023இல் பெக்கோ நடைபாதை என்று 300 கிலோமீற்றருக்கு மேல் திறந்திருக்கிறார்கள். நடப்பதற்கென்று போட்டது. சில பகுதிகளில் சைக்கிளும் போகும் என்கிறார்கள். "தோட்டத்துல சைக்கிள் வச்சிருந்தவங்க எல்லாம் ஏத்தத்துல தள்ளிக்கிட்டுத்தான் போனாங்க தம்பி" என்று ஐயா சொல்லிச் சிரிக்கிறார். உன் மகனின் சைக்கிளில் எத்தனை கியர் என்று கேட்டார், படத்தைக் காட்டினேன். கியரை விட்டுவிட்டு ரயரைத்தான் பார்த்தார். இந்த ஒல்லி ரயர் கிரவலுக்கு உதவாது, நெருஞ்சி முள் ஒன்றே போதும் என்றார். அகலமான ரயர் போட்டுக்கொண்டு வரட்டும். அங்கத்தைய ரியூப் வால்வுக்கு இங்குள்ள பம்ப் பொருந்தாது, காற்றடிக்கும் பம்பையும் அவனே கொண்டுவர வேண்டும்.

மற்றப்படி சிறுபோகம் அறுத்தாயிற்று. விலை சொல்லும்படியாக இல்லை. என் முழங்கால் வாய்க்கால் கரை அளவுக்குத் தாங்கும், உன்னோடு பின்னால் வருவேன். மகனை முன்னே விட்டுவிடுவோம்.

ரயர் அளவை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. ஐயா கிளிநொச்சியில் இரண்டு ரியூப் சொல்லி வைப்பதாகச் சொல்கிறார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்