செப்டம்பர் 30: இனுயிட் மக்கள் பற்றிய வகுப்பு - பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதியில் வைத்த வதிவிடப் பாடசாலைகளின் கொடுமையை கனடா நினைவுகூரும், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, எட்டாம் ஆண்டிலிருந்து மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடம் இல்லை. அன்றைக்கு, கனடாவின் வட துருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களைப் பற்றிப் பேசுகிறோம். "ஆங்கிலப் பாடசாலைக்குத்தான் அந்த நாளின் அடையாளமான செம்மஞ்சள் சட்டை போட்டு அனுப்புகிறோமே, தமிழ் வகுப்பில் ஏன்?" என்று சிலர் கேட்டீர்கள். சரியான கேள்விதான். ஆனால் வடக்கில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் பனிவீட்டோடும் துருவக் கரடியோடும் நின்றுவிடுகிறார்கள்.

வகுப்பை ஒரு தகட்டில் தொடங்கப் போகிறோம். 1940களில் கனடிய அரசு இனுயிட் மக்களுக்கு நாணயம் போன்ற வட்டத் தகடுகளைக் கொடுத்தது. துளையில் கயிறு கோத்துக் கழுத்தில் போடலாம். கிழக்கில் இருப்பவருக்கு 'ஈ', மேற்கில் இருப்பவருக்கு 'டபிள்யூ', அப்புறம் ஓர் எண். குடும்பப் பெயர் இல்லாதவர்களைப் பதிவேட்டில் எழுத அதிகாரிகளுக்குச் சிரமமாம். இறந்த உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைத்து, அந்த உறவுமுறை சொல்லியே குழந்தையைக் கூப்பிடும் மக்கள் அவர்கள். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டபோது திண்டாடிய நமக்கு இது கொஞ்சம் விளங்கும். ஆனாலும் நமக்கு யாரும் எண் கட்டவில்லை.

1950களிலிருந்து வதிவிடப் பாடசாலைகள் வடக்கில் பெருகின. வருடத்தில் பெரும்பகுதி விடுதியில். தாய்மொழி பேசினால் தண்டனை. கோடையில் வீடு திரும்பிய பிள்ளைக்குப் பாட்டி பேசுவது விளங்கவில்லை, சீல் தோலைத் தைக்கவும் தெரியவில்லை. கொஞ்சி வளர்க்கப்படாத அந்தப் பிள்ளைகள்தான் பின்னர் தாய் தகப்பன் ஆனார்கள். வீட்டுக்குள் இறங்கிய அந்தக் காயம் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது.

"பழைய கதை" என்பவர்களுக்கு ஒன்று: இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பிரதேசத்தின் ரங்கின் இன்லெற் ஊரில் இருந்த கிவாலிக் மாணவர் விடுதி மூடப்பட்டது 1997இல். நம்மில் பலர் அதற்குள் இந்த நாட்டுக்கு வந்துவிட்டோம். அதையும் வதிவிடப் பாடசாலை என்று ஏற்றுக்கொள்ள வைக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2008இல் வதிவிடப் பாடசாலைகளுக்காகக் கனடியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். நுனாவுட்டிலோ எல்லா வகுப்புகளுக்கும் இனுயிட் மொழிக் கல்வி தரும் இலக்கு 2020இல் 2039 வரை தள்ளிப்போடப்பட்டது. ஆசிரியர்கள் போதவில்லை. மொழியை அடித்து மறக்க வைத்த தலைமுறையிலிருந்தல்லவா அந்த ஆசிரியர்கள் வந்திருக்க வேண்டும்!

வீட்டில் இதைப் பேசும்போது உடனே "எங்களுக்கும் நடந்தது" என்று தொடங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நம் கதைக்கு வேறு நாட்கள் இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை அவர்களுடையது.

தண்டனை, தற்கொலை பற்றிய பகுதிகள் பத்தாம் ஆண்டுக்கு மேல் மட்டும். பிள்ளை அதில் இருக்க வேண்டாம் என நினைத்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெற்றோரும் வந்து பின்வரிசையில் அமரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஸ்காபரோ