துணி சும்மாதானே கிடைக்குது, அப்புறம் ஏன் விலை ஏறுது?

எல்லாருக்கும் வணக்கம். வருகிற மாதத்தில் இருந்து நம்ம கடையில் வட்டக் கால்மிதி 130 ரூபாய் இல்லை, 180. தக்கலை கடைக்கு வந்த நாலைந்து பேர், "டைலர் கடையில் வீசுகிற வெட்டுத்துணிக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயம்தான், அதனால்தான் இந்த மடல்.

டைலர்கள் துணியைச் சும்மாதான் தருகிறார்கள், குப்பை ஒழிந்தால் போதும் என்று. ஆனால் அந்தச் சாக்கைத் திறந்தால் ஜாக்கெட் பிட்டு, லைனிங், யூனிபார்ம் துண்டு, நைலக்ஸ் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, குளியலறை வாசலில் போட்டால் வழுக்கத்தான் செய்யும். சந்தேகமான துண்டில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவோம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், மற்றது உருகிக் கறுப்பு மணியாக உறைந்துவிடும். சிவப்பையும் கருநீலத்தையும் நனைத்து, சாயம் ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்போம். போன வருஷம் இதைச் செய்யாமல் விற்ற ஒரு மிதி ஒரு அக்கா வீட்டு வெள்ளை டைல்ஸைக் கெடுத்துவிட்டது. தப்பு எங்களுடையது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இவ்வளவும் முடித்தால் சாக்கில் பாதிகூடத் தேறாது.

திருப்பூர் பனியன் வேஸ்டும் ஒருமுறை கிலோ கணக்கில் வாங்கிப் பார்த்தோம். அருமையான துணி, நாடாவாக வெட்டி இரண்டு முனையையும் இழுத்தால் ஓரம் தானே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும், பின்னுவதற்கு அதைப்போல் வேறில்லை. ஆனால் கட்டின் நடுவில் நனைந்து பூஞ்சை பிடித்திருந்தது. கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. சரி, விடுங்க.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை நாங்கள் ஒரு மிதிக்கு 60 ரூபாய் கொடுத்தது பின்னித் தைக்கிறதுக்கு மட்டும். பிரிக்கிறதையும் வெட்டுகிறதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும்தான். எங்களுக்குப் பின்னித் தருகிற ஒரு மைனி (அண்ணி), தன் மகளின் பழைய நோட்டில் நேரம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார்: பிரித்து வெட்ட ஒன்றரை மணி நேரம், பின்ன ஒன்றேகால், தைக்க முக்கால். வேலையில் கிட்டத்தட்டப் பாதிக்குக் கூலியே இல்லை. நோட்டைப் பார்த்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது மிதிக்கு 110 கொடுக்கிறோம், ஏற்றிய 50 ரூபாய் முழுக்க அங்கேதான் போகிறது. அதுவும் ஒரு நாள் கூலிக்கு ஈடாகாது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு எதற்குச் செய்கிறார்கள்? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும், அண்டி ஆபீஸிலும் (முந்திரி ஆலை) எல்லா நாளும் வேலை இருக்காது. அந்த வாரங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் இதுதான், கேஸ் சிலிண்டருக்கும் பிள்ளை வேன் காசுக்கும் ஆகும். கைவேலை இங்கே புதிதும் இல்லை, 1820களிலேயே மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

ஒரே மாதிரி இரண்டு மிதி கேட்டால் தர முடியாது, துணி என்ன வருகிறதோ அதுதான் நிறம். மஞ்சப்பை விலையில் மாற்றம் இல்லை. முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையேதான்.

அப்புறம், பழைய ஜாக்கெட் கொண்டு வருகிறவர்கள் ஹூக்கைப் பிரித்துவிட்டுக் கொண்டு வாங்க மக்களே. போன வாரம்தான் சாணை பிடித்த கத்தரி, இப்போது பல்லைக் காட்டுகிறது.